விசித்திரமாக இருப்பதெல்லாம் பிழையல்ல

பழைய ஐரோப்பிய மோட்டார் சைக்கிள்களின் படங்களை வகுப்பில் காட்டினால் பிள்ளைகளிடமிருந்து முதலில் வருவது சிரிப்புத்தான். அதிலும் மெகோலா என்றால் சொல்லவே வேண்டாம். 1921 முதல் 1925 வரை ஜேர்மனியின் மியூனிக் நகரில் செய்யப்பட்ட வாகனம் அது. அதன் எஞ்சின் முன் சில்லுக்குள் இருக்கிறது. ஐந்து சிலிண்டர்கள் நட்சத்திரம் போல விரிந்து நின்று, அச்சைச் சுற்றித் தாங்களும் சுழலும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, செயின் இல்லை.

"அப்ப சந்தியில நிப்பாட்டினா என்ன செய்யிற சேர்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. எஞ்சினை நிறுத்த வேண்டியதுதான். பிறகு வாகனத்தைத் தள்ளித்தான் திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டும். இன்னும் பெரிய சிரிப்பு.

சிரித்து முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன். "சில்லுக்குள்ள எஞ்சின் இருக்கே, டயர் பஞ்சரானா டியூபை எப்படிக் கழட்டுவீங்க?" வகுப்பு அமைதியாகிவிடும். மெகோலாவின் டியூப் வளையம் அல்ல. இரண்டு முனைகள் உள்ள நீளமான பை. சில்லையும் எஞ்சினையும் கழற்றாமலே அதை வெளியே இழுத்து மாற்றலாம். பைத்தியக்காரன் செய்த வேலை என்று நினைத்த பிள்ளைகள் அந்த இடத்தில் யோசிக்கத் தொடங்குவார்கள். பஞ்சர் வரைக்கும் நினைத்துப் பார்த்தவன் பைத்தியக்காரனாக இருக்க முடியாதே!

எனது கருத்து இதுதான். ஒரு பொறி பார்வைக்கு விசித்திரமாக இருந்தால், செய்தவருக்குப் புத்தியில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அவர் முன்னால் இருந்த கேள்வி என்ன என்று தேட வேண்டும். இந்தப் பழைய மோட்டார் சைக்கிள்கள் எனக்குப் பிடித்திருப்பது அவை பழையவை என்பதற்காகவோ, பணக்காரர்கள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கி மினுக்கி வைக்கிறார்கள் என்பதற்காகவோ அல்ல. அவற்றில் கேள்வியும் விடையும் வெளியே தெரிகின்றன. பிளாஸ்டிக் மூடி இல்லை. கண்ணால் பார்த்தே படிக்கலாம்.

முதல் பாடம் பி.எம்.டபிள்யூ. முதலாம் உலக யுத்தத்தில் அது விமான எஞ்சின் செய்த கம்பனி. யுத்தத்தில் ஜேர்மனி தோற்றதும் வெர்சாய் உடன்படிக்கையால் விமான எஞ்சின் செய்வது தடைப்பட்டது. பிழைப்புக்காக ஒரு சிறிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் செய்து வேறு மோட்டார் சைக்கிள் கம்பனிகளுக்கு விற்றார்கள். அந்தக் கம்பனிகள் அதை ஒரு சிலிண்டர் முன்னும் ஒரு சிலிண்டர் பின்னுமாகப் பொருத்தின. முன்னால் இருந்தது காற்றில் குளிர்ந்தது. பின்னால் இருந்தது வெந்தது.

விமான எஞ்சின் வடிவமைத்த மெக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ற பொறியியலாளர் செய்தது ஒரே ஒரு மாற்றம். எஞ்சினை 90 பாகை திருப்பி வைத்தார். இரண்டு சிலிண்டர்களும் இரண்டு பக்கமும் கைகளை நீட்டியது போல வெளியே வந்தன. இரண்டுக்கும் சம காற்று. அதோடு எஞ்சின் தண்டும், கியரும், பின் சில்லுக்குப் போகும் ஷாஃப்டும் ஒரே திசையில் அமைந்துவிட்டதால் செயின் தேவைப்படவில்லை. 1923 இல் வந்த அந்த ஆர்32, 494 சீசீயில் 8.5 குதிரைவலுதான் தந்தது. இன்றைய ஸ்கூட்டி அளவு. ஆனால் நூறு வருடம் கழிந்தும் அதே கம்பனி அதே போல இரண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிய வண்டிகளைச் செய்துகொண்டிருக்கிறது. சரியான கேள்விக்கு வந்த விடை அது.

விசித்திரம் எல்லாம் வெற்றி பெறும் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஏரியல் ஸ்குயர் ஃபோர் 1931 இல் விற்பனைக்கு வந்தது. எட்வர்ட் டர்னரின் வேலை. நான்கு சிலிண்டர்களைச் சதுரமாக, முன்னால் இரண்டு பின்னால் இரண்டாக அடுக்கி, இரண்டு கிராங்க் தண்டுகளைப் பற்சில்லுகளால் இணைத்தார். அழகான யோசனை. சிறிய இடத்துக்குள் நான்கு சிலிண்டர். ஆனால் பின்னால் இருந்த இரண்டும் முன்னால் இருந்த இரண்டின் நிழலில் அகப்பட்டு வெப்பத்தால் திணறின. ஃப்ரிட்ஸ் தீர்த்து வைத்த அதே பிரச்சினை இங்கே திரும்ப வந்தது. அப்படியிருந்தும் பல திருத்தங்களோடு 1959 வரை அதைச் செய்தார்கள். காற்று யாருடைய புகழையும் பார்த்து வீசுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இம்மே ஆர்100. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஜேர்மனி. இரும்புக்குத் தட்டுப்பாடு, பணத்துக்குத் தட்டுப்பாடு. நோர்பர்ட் ரீடல் என்பவர் பவேரியாவின் இம்மென்ஸ்டாட் ஊரில் 1948 இல் 99 சீசீ வண்டி ஒன்றைச் செய்தார். முன் சில்லுக்கு ஒரு பக்கம் மட்டுமே தாங்கும் கை. பின் சில்லுக்கும் அப்படியே. அந்தப் பின் கை வெறும் கையல்ல. அதுதான் புகைக்குழாய்! சில்லைத் தாங்கும் குழாய்க்குள்ளாலேயே புகை வெளியே போகிறது. ஒரு குழாய்க்கு இரண்டு வேலை. முன் சில்லையும் பின் சில்லையும் ஒன்றுக்கொன்று மாற்றியும் போடலாம்.

"இரும்பு இல்லாவிட்டால் எதை விடலாம்?" என்பதல்ல ரீடல் கேட்ட கேள்வி. "இருக்கிற ஒன்றுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாமா?" என்பதே. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் குசினியில் கேட்கிற அதே கேள்வி. கம்பனி சில வருடங்களிலேயே வங்குரோத்தானது உண்மை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பின் கையை இன்று விலையுயர்ந்த பைக்குகளில் பார்த்து வாய் பிளக்கிறோம். ஏழ்மையில் பிறந்த யோசனை இப்போது ஆடம்பரமாக விற்கிறது.

இன்னொரு வகையான கேள்வியும் உண்டு. வேகத்தைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். சத்தத்தைப் பற்றி யார் கேட்டது? பர்மிங்காமின் வெலோசெட் கம்பனி கேட்டது. 1948 இல் அவர்கள் காட்சிக்கு வைத்த எல்.ஈ. வண்டி 149 சீசீ. நீரால் குளிரும் இரட்டைச் சிலிண்டர், ஷாஃப்ட், கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணும் நெம்பு. வந்ததே தெரியாத அளவு அமைதி. பிரித்தானியப் பொலிஸார் இரவு ரோந்துக்கு அதை விரும்பி எடுத்தார்கள். பொதுமக்கள் பெரிதாக மயங்கவில்லை. செலவழித்த அளவுக்குக் கம்பனிக்கு இலாபமும் வரவில்லை. 1971 இல் வெலோசெட் மூடப்பட்டது. நல்ல விடைக்கு எப்போதும் சந்தையில் புள்ளி கிடைப்பதில்லை. அதற்காக அது பிழையான விடை ஆகிவிடுமா?

இத்தாலிக்கு வாருங்கள். மோட்டோ குஸ்ஸி தொழிற்சாலையில் கார்க்கானோ என்ற வடிவமைப்பாளர் 1955 இல் 500 சீசீக்குள் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு பிஸ்டனும் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு. மணிக்கு ஏறத்தாழ 275 கிலோமீற்றர் வேகம். உலகமே அதைப் பற்றிப் பேசியது. இன்றும் பேசுகிறது. ஆனால் அந்த எஞ்சின் ஒரு உலகச் சம்பியன் பட்டமும் வெல்லவில்லை. அதே தொழிற்சாலையின் ஒற்றைச் சிலிண்டர் 350 சீசீ வண்டி 1953 முதல் 1957 வரை ஐந்து வருடமும் தொடர்ந்து உலகப் பட்டத்தை எடுத்தது. அதன் இரகசியம் பாரம் குறைவு, காற்றைக் கிழிக்கும் உடல். அந்தக் கம்பனி 1950 இலேயே சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் கட்டி வண்டிகளைச் சோதித்தது. எட்டுச் சிலிண்டரை மெச்சுங்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றைச் சிலிண்டரையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எளிமையாகச் செய்வதற்கும் மூளை வேண்டும்.

கடைசியாக, பௌதிகவியல் படிப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒருவர். வோல்டர் காடன். கிழக்கு ஜேர்மனியின் சொப்பாவ் நகரில் எம்.இசட். தொழிற்சாலையின் போட்டிப் பிரிவை நடத்தியவர். அரசாங்கத் தொழிற்சாலை, குறைந்த பணம், குறைந்த பொருள். அவர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை எடுத்து ஆராய்ந்தார். எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயு ஒரு அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை தெறித்து, உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை வெளியே இழுக்கிறது. குழாய் ஒடுங்கும் இடத்தில் அழுத்த அலையாகத் திரும்பி, தப்பி வெளியே வந்த புதிய பெற்றோல் கலவையைத் துவாரம் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே தள்ளிவிடுகிறது. அசையும் பாகம் ஒன்றும் இல்லாத வெறும் தகரக் குழாய், பம்பியின் வேலையைச் செய்கிறது!

இந்த யோசனையின் முதல் விதை அவருடையது மட்டுமல்ல. ஆனால் அளந்து, வெட்டி, ஒட்டி, மீண்டும் அளந்து அதை முழுமையாக்கியவர் அவர். 1961 இல் அவருடைய 125 சீசீ எஞ்சின் 25 குதிரைவலு தந்தது. அதாவது லீற்றருக்கு 200. அதே வருடம் அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் போட்டியின்போது மேற்குப் பக்கம் தப்பிப் போய், அந்த அறிவோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962 இல் சுசுகி தனது முதல் உலகப் பட்டத்தை வென்றது. இங்கே மோட்டோகுரொஸ் பந்தயம் பார்த்தவர்களுக்கு நடுவில் வயிறு பருத்து நுனியில் ஒடுங்கும் அந்தக் குழாய் தெரியும். அது அழகுக்காக வைத்த வளைவு அல்ல. அலைத் தெறிப்பு. உயர்தரப் பாடத்திட்டத்தில் திறந்த முனை, மூடிய முனை என்று நாம் மனனம் செய்விக்கும் அதே பாடம்.

இந்த இடத்தில் பலர் சொல்வார்கள்: "அவங்க வெள்ளைக்காரங்க சேர், அவங்களுக்கு மூளை இருக்கு." இதை நான் கடுமையாக மறுக்கிறேன். மேலே சொன்னவற்றைத் திரும்ப வாசியுங்கள். தடை, தட்டுப்பாடு, தோற்றுப்போன நாடு, பணமில்லாத தொழிற்சாலை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாத வாழ்க்கையா? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுத்து அது நடக்கவில்லை. எங்கள் ஊர்க் கராஜ் நானாமார் பழைய தகரத்திலும் இரும்பிலும் செய்து பொருத்தும் பாகங்களைப் பார்த்தால் ரீடலே கைகொடுப்பார்.

வித்தியாசம் மூளையில் இல்லை. அவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், எழுதி வைத்தார்கள். நாங்கள் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டோம். மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட வைத்த பாஸ்மாரின் பெயர் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் கையில் இருக்கிறது. கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமுமாகப் பிள்ளைகளை வளர்க்கிறோம். திட்டத்தில் உள்ள சொல் விடைத்தாளில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பிழை. பரீட்சைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. எனக்கும் பெறுபேறு வேண்டும். ஆனால் பதினொரு வருடம் இப்படிப் பழகிய பிள்ளையிடம் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்கு வந்ததும் "புதிதாக ஏதாவது வடிவமைத்துக் காட்டு" என்றால் அவன் யாருடைய படத்தைப் பார்த்து வரைவான்?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் சிறியது. திட்டத்தில் இல்லாத விடையைப் பிள்ளை எழுதினால், சிவப்புப் பேனையை வைப்பதற்கு முன் "ஏன் இப்படி யோசித்தாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பிழை போடுங்கள். பதில் இருந்தால் அதைச் செய்து பார்த்து, அளந்து, கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். லீவு நாட்களில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் பக்கத்துக் கராஜுக்குக் கூட்டிப் போங்கள். நானா செய்யும் வேலை ஒன்றை அளவுகளோடு வரைந்து வரச் சொல்லுங்கள். செலவு ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு அடிமட்டம்.