ஸ்டால் போட்டால் நம்பலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை கையில் சின்ன நகைப் பெட்டியோடு வந்தாள். "அக்கா, இந்த அஞ்சு சவரன் சங்கிலியை அடகு வைக்கலாம்னு இருக்கேன். பையன் கேக்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

பின்னாலேயே பையனும் வந்தான். முந்தைய நாள் விழுப்புரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கூட்டத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"பெரியம்மா, இது சீட்டு கம்பெனி மாதிரி இல்ல. ஃபின்டெக். கிரிப்டோ" என்று போனை நீட்டினான். துபாயில் நடந்த கிரிப்டோ மாநாட்டில் அந்த கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் தங்கியிருந்தபோது எடுத்த படங்களாம். ஸ்டால், கோட்டு சூட்டு, மேடை, கைகுலுக்கல், ராத்திரி விருந்து. "இவ்ளோ பெரிய இடத்துல ஸ்டால் போட்டிருக்காங்க. ஏமாத்துறவன் போடுவானா?" என்றான்.

போடுவான். மாநாடு என்பது கல்யாண மண்டபம் மாதிரி. வாடகை கட்டியவருக்கு மண்டபம். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது மண்டபத்துக்காரர் வேலை இல்லை. பல மாநாடுகளில் ஸ்டாலுக்கு ஒரு கட்டணம். ஸ்பான்சர் தொகை கொடுத்தால் மேடையில் பேசவும் இடம் கிடைக்கும்.

பையனுக்கு ஒரு பழைய மாநாட்டின் கதையைச் சொன்னேன். 2022 ஏப்ரல் கடைசி வாரம், பஹாமாஸ் தீவு. எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ கம்பெனி நான்கு நாள் மாநாட்டைச் சேர்ந்து நடத்தியது. அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டனும் பிரிட்டன் முன்னாள் பிரதமர் டோனி பிளேரும், அதன் முதலாளி சாம் பேங்க்மேன் ஃப்ரைடோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். இதைவிடப் பெரிய படம் யாரிடம் இருக்கும்? ஏழு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 11 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. வாடிக்கையாளர்களின் 800 கோடி டாலருக்கு மேல் காணவில்லை. 2024 மார்ச்சில் முதலாளிக்கு 25 ஆண்டு சிறை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் 2025 தொடக்கத்தில் கிரிப்டோ மோசடி வழக்கு ஒன்றில் கைது நடந்தது. அந்த கம்பெனியும் சினிமா பிரபலங்களை அழைத்து விழா நடத்தித்தான் ஆட்களைச் சேர்த்தது என்று செய்திகள் வந்தன.

கிரிப்டோ கம்பெனி எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. 2023 மார்ச் முதல் இந்தத் தொழில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. ஆனால் அந்தப் பதிவும் உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. 2024 ஜூலையில் பிரபலமான வசீர்எக்ஸ் தளத்திலேயே 23 கோடி டாலர் அளவுக்கு ஹேக்கர்கள் அள்ளிப் போனார்கள். பணம் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்கு அது கிடையாது.

"நீ ஏற்கெனவே ஏதாவது போட்டியா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். சம்பளத்தில் பத்தாயிரம் போட்டிருக்கிறான். ஆப்பில் அது பதினெட்டாயிரமாகக் காட்டுகிறது. தங்கைக்கு அப்போதுதான் தெரியும்.

"சரி, அதுல ஆயிரம் ரூபா மட்டும் இப்ப எடுத்துக் காட்டு."

தட்டினான். பணம் வரவில்லை. 'வரியாக முதலில் 5,400 ரூபாய் கட்டவும்' என்று செய்தி வந்தது.

இந்த இடத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. 2022 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. அதை நாம் அரசுக்குத்தான் கட்டுகிறோம், ஆப்புக்கு இல்லை. விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டி.டி.எஸ்.கூட வர வேண்டிய தொகையில்தான் கழியும். பணத்தை எடுக்க முதலில் பணம் கட்டச் சொன்னால் அது வரி இல்லை, தூண்டில்.

அங்கேயே உட்கார்ந்து 1930 சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். பணம் அனுப்பிய விவரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தயாராக வைத்திருந்தது உதவியது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. இவன் பணம் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. பத்தாயிரம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை.

தங்கை அவனைத் திட்டவில்லை. "எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் கேட்டாள். அவன் அடையாள அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். நகைப் பெட்டி பீரோவுக்குத் திரும்பியது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி மாநாட்டுப் படம் காட்டினால், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஆயிரம் ரூபாய் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.