சட்டையும் கயிறும்

ஜூன் மாதம் பிறந்தால் தமிழ்நாட்டுக் குடும்பஸ்தர்களுக்கு இரண்டு கவலைகளும் கூடவே பிறக்கின்றன. ஒன்று, மழை வருமா என்பது. மற்றொன்று, குழந்தைகளின் பள்ளிக்கூடச் சட்டை தையற்கடையிலிருந்து வருமா என்பது. மழையாவது சில வருஷங்களில் சொன்ன காலத்தில் வந்துவிடுகிறது. தையற்காரர் சொன்ன காலத்தில் கொடுத்ததாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கவலைகளோடு ஒரு விவாதமும் வருஷந்தோறும் தலையெடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி உடை உடுத்தத்தான் வேண்டுமா என்பதே அந்த விவாதம்.

"குழந்தைகள் என்ன, பட்டாளத்துச் சிப்பாய்களா? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மனம், ஒரு ருசி உண்டு. எல்லோருக்கும் ஒரே நிறத்தை மாட்டி அணிவகுக்கச் செய்வது கல்வியாகுமா?" என்கிறார்கள் ஒரு கட்சியார். "சரி ஐயா, உங்கள் குழந்தை தன் ருசிப்படி தினம் ஒரு பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். பக்கத்துப் பலகையில் இருக்கும் குழந்தைக்கு இருப்பதே ஒரு சட்டை. அதிலும் முதுகில் கிழிசல். அந்தக் குழந்தையின் மனத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்" என்கிறார்கள் மறு கட்சியார்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மேல் நாட்டில் இந்த விவாதத்தை நடத்துவது ஒரு விதம். நமது நாட்டில் நடத்துவது முற்றிலும் வேறு விதம். காரணத்தைச் சொல்லுகிறோம்.

1552-ம் வருஷத்தில் லண்டன் நகரத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' என்ற பள்ளி ஏற்பட்டது. நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் அதன் மாணவர்களுடைய உடை. கட்டுரையாசிரியர் சார்லஸ் லாமும் கவிஞர் கோல்ரிட்ஜும் அந்த நீல அங்கியை அணிந்து படித்தவர்களே. 'இது தர்மத்தில் வளரும் பிள்ளை' என்று பார்த்தவுடனே தெரிவிப்பதாக அந்த உடை இருந்தது. பிற்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளும் தங்களுக்கென்று தனி உடைகளை வகுத்துக்கொண்டன. அப்போது அதே வழக்கம், 'இது பெரிய இடத்துப் பிள்ளை' என்று தெரிவிப்பதாக மாறியது. ஆக, இங்கிலாந்தில் சீருடை பெரும்பாலும் ஒரு பள்ளியின் பிள்ளைகளை வெளியுலகத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கே பயன்பட்டது என்று சொல்லலாம்.

நமது தேசத்திலோ, பிரித்துக் காட்டுவதற்குச் சீருடை தேவைப்படவேயில்லை. யார் எந்தத் துணியை எவ்வளவு நீளத்துக்கு எப்படி உடுத்தலாம் என்பதை ஜாதி வழக்கமே வகுத்து வைத்திருந்தது. தெற்குத் திருவாங்கூரில், இன்றையக் கன்னியாகுமரி ஜில்லாவில், மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் சுமார் நாற்பது வருஷ காலம் போராட வேண்டியிருந்தது. அடியும் பட்டார்கள், அவமானமும் பட்டார்கள். கடைசியில் 1859-ம் வருஷத்தில் திருவாங்கூர் அரசர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்பெண்கள் மேலாடை அணிந்து கொள்ளலாம். ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்கள் அணியும் விதமாக மட்டும் அணியக் கூடாது!

நேயர்கள் இந்த நிபந்தனையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துணி கொடுக்க மனம் வந்தது. ஒரே மாதிரித் துணி கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. உரிமை கிடைத்த நாளிலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நினைத்தார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் எல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி ஒரு சட்டை என்பது சாதாரண விஷயமல்ல. அதைப் பட்டாள ஒழுங்கு என்று தள்ளிவிட முடியாது. காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில், 1958-ம் வருஷம் முதல், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கல்வித் துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். சர்க்காரின் கையை எதிர்பாராமல் ஊர் ஜனங்களே பள்ளிக்குக் கட்டடமும் பலகையும், குழந்தைகளுக்கு உடையும் கொடுத்தார்கள். மதிய உணவு போட்டுப் பள்ளிக்கு அழைத்த குழந்தை, உடுத்த நல்ல துணியில்லாமல் வீட்டில் நின்றுவிடக் கூடாது என்பதே நோக்கம். பிற்காலத்தில் சர்க்காரே பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 2012-ம் வருஷம் முதல் சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நான்கு ஜோடி உடைகள் என்று ஏற்பாடாயிற்று. அந்தத் துணியை நெய்கிறவர்கள் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த நெசவாளர்கள். தைக்கிறவர்கள் மகளிர் தையற் சங்கத்துப் பெண்கள். குழந்தைக்குச் சட்டை, தாயாருக்குக் கூலி, தறிக்கு வேலை. கதரைப் பற்றிக் காந்தியடிகள் சொன்னதன் சாரத்தில் கொஞ்சமாவது இந்த ஏற்பாட்டில் தங்கியிருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

ஆகையால், நமது கட்சி என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் சீருடையின் கட்சி.

ஆனால் சீருடை போட்டவுடனே எல்லாம் சீராகிவிடும் என்று சொல்கிறவர்களின் கட்சி அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து லாங் பீச் நகரம் 1994-ம் வருஷத்தில் தன் பொதுப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளில் சீருடையைக் கட்டாயமாக்கியது. 1996-ல் ஜனாதிபதி கிளிண்டனே தம் பிரசங்கத்தில் சீருடையை ஆதரித்துப் பேசினார். இரண்டு வருஷம் கழித்து, இரு சமூகவியல் அறிஞர்கள் தேசம் முழுவதிலும் சேகரித்திருந்த விவரங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். மாணவர் வருகையிலும் நடத்தையிலும் சீருடையினால் நேரான பலன் எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தென்படவில்லை. சட்டை ஒழுக்கத்தைத் தைத்துக் கொடுப்பதில்லை. அது செய்யக் கூடியது ஒன்றே ஒன்றுதான். சில வித்தியாசங்களைச் சில மணி நேரம் மறைத்து வைக்கலாம்.

மறைத்த வித்தியாசம் வேறு வழியாக வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது? இதுதான் நம்மைத் தூங்கவிடாத கேள்வி.

தென் ஜில்லாக்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் வண்ண வண்ணக் கயிறுகள் கட்டிக்கொண்டு வருவதைப் பற்றிப் பத்திரிகைகளில் பல வருஷங்களாகவே செய்தி வந்திருக்கிறது. சட்டை எல்லோருக்கும் ஒன்றுதான். கயிற்றின் நிறம் மட்டும் ஜாதிக்கு ஒன்று. யார் யாரோடு உட்காரலாம், யார் யாரோடு பந்தாடலாம் என்பதையெல்லாம் அந்தக் கயிறு தீர்மானித்துவிடுகிறது. திருவாங்கூர் அறிக்கை காகிதத்தில் எழுதிய நிபந்தனையை, நூற்றறுபது வருஷத்துக்குப் பிறகு, குழந்தைகள் தங்கள் மணிக்கட்டிலே எழுதிக்கொண்டு வந்தார்கள். 2019-ம் வருஷத்தில் பள்ளிக் கல்வித் துறை இக்கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது.

2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நடந்ததைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. திருநெல்வேலி ஜில்லா நாங்குனேரியில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் பகலெல்லாம் உடுத்தியிருந்தது ஒரே பள்ளியின் ஒரே சீருடை. இதைவிடப் பெரிய வெட்கக்கேடு நமது கல்விக்கு என்ன இருக்கிறது?

அதன் பிறகு சர்க்கார் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு மாணவர் பள்ளிக்கு வரக் கூடாது என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. பள்ளிகளின் பெயரிலிருந்து ஜாதியை எடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. பெரிய விவாதம் மூண்டது. "கயிறு சரி; நெற்றித் திருநீறு என்ன பாவம் செய்தது?" என்று பக்தர்கள் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. கர்நாடக ராஜ்யத்தில் 2022-ம் வருஷத்தில் இதே கேள்வி முஸ்லிம் பெண்களின் முக்காட்டைப் பற்றி எழுந்தது. உடுப்பியில் தொடங்கிய தகராறு ராஜ்யம் முழுவதும் பரவிற்று. பிப்ரவரியில் சர்க்கார் உத்தரவு போட்டது. மார்ச்சு மாதத்தில் ஹைகோர்ட்டு அதை ஆமோதித்தது. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆமோதித்தவர் நீதிபதி ஹேமந்த் குப்தா. மறுத்தவர் நீதிபதி சுதான்சு தூலியா. பெண் குழந்தைகளின் படிப்பே முக்கியம் என்பது அவர் கருத்து.

இதில் கோடு எங்கே கிழிப்பது? நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். ஒரு குழந்தை தன் வீட்டுப் பக்தியை நெற்றியிலோ தலையிலோ தாங்கி வருவது ஒன்று. பத்துப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு, பதினோராவது பிள்ளையை ஒதுக்குவதற்காக ஓர் அடையாளம் கட்டி வருவது வேறு ஒன்று. முன்னது அந்தக் குழந்தைக்கும் கடவுளுக்கும் உள்ள சம்பந்தம். பின்னது பக்கத்துப் பலகைக்கு விடுக்கும் மிரட்டல். மிரட்டலைப் பள்ளிக்குள் விட முடியாது. ஆனால் விபூதிக் கீற்றையும் அப்படி மிரட்டலுக்குப் பயன்படுத்தும் ஊர் உண்டா என்றால், அந்த ஊர் உபாத்தியாயருக்குத்தான் தெரியும். நாமும் கோர்ட்டும் இங்கிருந்துகொண்டு சொல்ல முடியாது.

எந்த விதி செய்தாலும் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சீருடை ஏற்பட்டது குழந்தையைப் பள்ளிக்குள் அழைப்பதற்காக. அதே சீருடையின் பெயரால் ஒரு குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்பினால், மருந்தே நோயாகிவிட்டது என்றுதான் அர்த்தம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள், கட்டியவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பெற்றோரை வரவழையுங்கள். வகுப்பின் கதவை மாத்திரம் சாத்தாதீர்கள்.

திருப்பி அனுப்புவதற்கு வேறு வழிகளும் உண்டு. பணம் அவற்றில் ஒன்று. தனியார் பள்ளிகள் சிலவற்றில் சட்டைக்கு ஒரு சின்னம், காலுறைக்கு ஒரு கோடு, புதன்கிழமைக்கு ஒரு நிறம் என்று வகுத்து, அவற்றை இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஏழையும் பணக்காரனும் ஒன்றாகத் தெரிவதற்காக வந்த உடை, மாதச் சம்பளக்காரரின் மென்னியைப் பிடிக்கும் உடையாகிவிட்டது. மத்தியக் கல்வி வாரியம் 2017-ம் வருஷத்திலேயே, பள்ளிகள் புத்தகமும் உடையும் விற்கும் வியாபாரத்தில் இறங்கக் கூடாதென்று எச்சரித்தது. இங்கிலாந்தில் 2021-ல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். சாதாரணத் துணிக்கடையில் வாங்கித் தெருக்கோடித் தையற்காரரிடம் தைத்துக்கொள்ள முடியாத உடை, சீருடை என்ற பெயருக்கே தகுதியற்றது.

பெண் குழந்தைகளின் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் பாலுச்சேரி பெண்கள் பள்ளியில் 2021-ம் வருஷம் டிசம்பரில் மேல் வகுப்பு மாணவிகளும் மாணவர்களும் ஒரே மாதிரிக் கால்சட்டையும் சட்டையும் அணிந்தார்கள். அதற்கும் ஆர்ப்பாட்டம் நடந்தது. நம் யோசனை எளியது. ஓடிப் பஸ் ஏறவும், சைக்கிள் மிதிக்கவும், மைதானத்தில் விளையாடவும் எது சௌகரியம் என்று அந்தப் பெண்களையே கேட்டால் போதும். பாட்டிமார் மகாநாடு கூட்ட வேண்டியதில்லை.

கடைசியாக, இதைப் படித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாரிடமே ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தன் ஜாதியின் நிறம் எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாடப் புத்தகத்தில் அது இல்லை. உபாத்தியாயர் சொல்லியிருந்தால் அவரைத் தண்டிக்கலாம். பெரும்பாலும் அது வீட்டிலேதான் கிடைக்கிறது. அரிவாளும் கயிறும் நம் வீட்டில் இல்லையே என்று படித்த குடும்பத்தார் திருப்தியடைந்துவிட முடியாது.

சாயங்காலம் பையன் பள்ளியிலிருந்து ஓடி வந்து, தனக்குப் புதுச் சிநேகிதன் ஒருவன் கிடைத்திருப்பதாகச் சந்தோஷத்தோடு சொல்லுகிறான். நன்றாகப் படிப்பவன், நன்றாகப் பந்து போடுபவன் என்று அடுக்குகிறான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அப்படியா, அவன் வீடு எந்தத் தெரு?" என்று கேட்கிறார். தெருவைக் கேட்பது தபால் போடுவதற்காக அல்ல என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். இரண்டொரு தடவை கேட்டால் பையனுக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஜூன் மாதம் சீருடை தைக்கக் கொடுத்துவிட்டு வரும் பெற்றோர், அந்த ஒரு கேள்வியை மட்டும் இனிமேல் கேட்பதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளட்டும். தையற்காரர் தாமதித்தாலும் பாதகமில்லை.