ஆண்டைகளின் கடிதக் கட்டுகள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் கேமரன் குடும்பத்தார் பெரும் பண்ணை முதலாளிகள். 1860இல் அவர்களிடம் ஏறக்குறைய 900 பேர் அடிமைப்பட்டிருந்தார்கள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தருவதை மாநிலச் சட்டம் 1830இலேயே குற்றமாக்கியிருந்தது. 1850, 1860 குடிக்கணக்குகளின் அடிமைப் பட்டியலில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் வரிசையாக இருக்கும். அநேகமாக எங்குமே ஆட்களின் பெயர் இராது. ஆகவே அவர்களுடைய வாழ்வைத் தேடுகிறவர்கள் ஆண்டை வீட்டுக் கடிதங்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதங்களில் விளைச்சலும் கடனும் மகளின் காய்ச்சலும் பக்கம் பக்கமாக ஓடும். நடுவே ஒரு வரியில், இன்னாளுக்குக் குழந்தை பிறந்தது, இன்னான் ஓடிவிட்டான் என்று வரும். ஓடியவனை நன்றிகெட்டவன் என்று ஆண்டை ஏசுவதை அப்படியே நம்பினால் ஆண்டையின் மனம்தான் நமக்குத் தெரியவரும். ஓடியவன் யாருடைய கணவன், யாருடைய மகன் என்று அறிய, பண்ணைக் கணக்கையும் பிறப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் இப்படித்தான் பல பண்ணைகளின் பிறப்பேடுகளைத் தலைமுறை வாரியாக அடுக்கிப் பார்த்தார். மகன்களுக்குத் தந்தையின், பாட்டனின் பெயர்கள் திரும்பத் திரும்ப இடப்பட்டிருந்தன. விற்பனை எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடக்கூடிய தந்தைவழி உறவை அடிமைப்பட்டவர்கள் பெயர்களில் பேணியிருக்கிறார்கள்.

1848இல் கேமரன் குடும்பத்தின் அடிமையான மேரி வாக்கர், நோயுற்ற மில்ட்ரெட் கேமரனுக்குத் துணையாகப் பிலடெல்பியா சென்றபோது அந்தக் குடும்பத்திடமிருந்து தப்பினார். மேரியின் தாயும் பிள்ளைகளும் தெற்கே சிக்கிக்கொண்டார்கள். அவருடைய பிள்ளைகளை விலைக்காவது விடுவிக்கும்படி 1859இல் பீட்டர் லெஸ்லி என்ற நிலவியலாளர் மில்ட்ரெட்டுக்கு எழுதினார். பதில் இல்லை. ஆனால் கடிதம் கேமரன் வீட்டுக் காகிதங்களோடு தங்கிவிட்டது. அதைக் கண்ட வரலாற்றாசிரியர் சிட்னி நேதன்ஸ், லெஸ்லி குடும்பத்தின் கடிதங்களையும் தேடிப் பிடித்து, 1865இல் மேரியும் பிள்ளைகளும் சேர்ந்தது வரையிலான கதையை 2012இல் நூலாக்கினார். ஆண்டை தரப்புக் கடிதங்கள் மட்டும் இருந்திருந்தால், மேரி அங்கே ஓடிப்போன ஒரு பணிப்பெண்ணாகவே நின்றிருப்பார்.

இப்படியான தொகுப்புகள் இன்றும் ஆண்டைகளின் குடும்பப் பெயரில்தான் நூலகங்களில் இருக்கின்றன. அது போதாது. உள்ளே வரும் ஒவ்வொரு அடிமையின் பெயரும் அட்டவணையில் ஏற வேண்டும். வர்ஜீனியா வரலாற்றுக் கழகம் 2011இல் தன் சுவடிகளிலிருந்து அத்தகைய பெயர்களைத் திரட்டி எல்லாரும் தேடும்படி வைத்தது. எல்லா நூலகங்களும் அதைச் செய்யலாம். விடுதலை பெற்றவர்கள் அனைவரையும் பெயரிட்டு எழுதிய முதல் குடிக்கணக்கு 1870இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மூதாதையரைத் தேடும் கறுப்பின மக்களுக்கு வேறு தடயம் மிகக் குறைவு.

வீட்டுப் பெட்டிகளில் பழங்கடிதங்களை வைத்திருக்கும் ஆண்டைக் குடும்ப வாரிசுகளுக்கும் இதில் கடமை உண்டு. கடிதம் எழுதியவர் அவர்களுடைய பாட்டனாராக இருக்கலாம். அதில் பெயர் சொல்லப்பட்டவள் வேறொரு குடும்பத்தின் பாட்டி. அவளைப் பூட்டிவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.