கிலோ எவ்வளவுக்குப் போகும் சார்?

எங்கள் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள். அதில் பதினொன்று தமிழ்க் குடும்பங்கள். பாதிப் பேர் டெக்னோபார்க், மீதிப் பேர் என்னைப் போல வங்கி, இன்சூரன்ஸ் என்று மாற்றலில் வந்தவர்கள். ஒரு கூட்டத்தில் ஆர்வக்கோளாறில் வாயைத் திறந்துவிட்டேன். வெள்ளாயணி விவசாயக் கல்லூரியில் மண்புழு உரப் பயிற்சிக்குப் போய்வந்ததைச் சொல்லி, பின்பக்க மதிலோரம் ஒரு கொட்டகை போட்டு இரண்டு தொட்டி வைக்கலாமே என்றேன்.

முதல் கேள்வி நம்மவர் ஒருவரிடமிருந்து வந்தது. "கிலோ எவ்வளவுக்குப் போகும் சார்?"

இரண்டாவதும் நம்மவரிடமிருந்துதான். "இன்னும் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர் வந்துடும். நம்ம ஊரா என்ன, இதையெல்லாம் தலையில போட்டுக்க?"

டீ வந்தது, பேச்சு லிஃப்ட் ரிப்பேருக்குப் போய்விட்டது. எனக்குத்தான் அந்த இரண்டு கேள்வியும் செரிக்கவில்லை. கொஞ்சம் காட்டமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியைக் கேட்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அதே கேள்வியைக் கேட்டுத்தான் ஒரு தடவை பன்னிரண்டு பெண்களைக் கடனில் தள்ளினேன்.

அப்போது வேறொரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரு மகளிர் சுய உதவிக் குழு மண்புழு உரத் தொழிலுக்குக் கடன் கேட்டு வந்தது. திட்ட அறிக்கை கண்ணைப் பறித்தது. 45 நாளுக்கு ஒரு அறுவடை, வருஷத்துக்கு எட்டு அறுவடை, உரம் கிலோ இத்தனை ரூபாய், புழு கிலோ இத்தனை ரூபாய். பி.காம். படித்தவன், நான் பார்த்திருக்க வேண்டிய இடம் ஒன்று அதில் இருந்தது. வருமானத்தில் பெரும்பங்கு உரத்திலிருந்து வரவில்லை, புழு விற்பதிலிருந்து வந்தது. புழுவை யார் வாங்குவார்கள்? அடுத்து இதே தொழிலைத் தொடங்குகிறவர்கள். அவர்கள் யாருக்கு விற்பார்கள்? அதற்கும் அடுத்தவர்களுக்கு. சங்கிலித் திட்டத்தில் பணம் கட்டுகிறவர்களை நாம் கேலி செய்வோம். அதையே புழு வைத்துச் செய்தால் 'சுயதொழில்' என்று கையெழுத்துப் போடுவோம். போட்டேன்.

ஜூன் மழையில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. பாதிப் புழு செத்தது, பாதி ஓடிப்போனது. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது. "எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்" என்று சொன்ன வியாபாரி போனை எடுப்பதை நிறுத்தினார். அந்தப் பெண்கள் கடனை ஒழுங்காகக் கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? குழுத் தலைவி வளையலை எங்கள் கிளையிலேயே, எனக்கு நாலு மேசை தள்ளி இருந்த நகைக்கடன் கவுண்டரில் அடகு வைத்துக் கட்டினார். வங்கிக் கணக்கில் அது நல்ல கடன். வாராக்கடன் ஆகவில்லையே!

அதற்குப் பிறகு 'மண்புழு வளர்த்து மாதம் லட்சம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணக்கையே பார்த்துவிடுவோம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. தழைச்சத்து 46 சதம், அதாவது சுமார் 20 கிலோ. மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்றரை சதம், மிஞ்சினால் இரண்டு. அதே 20 கிலோ தழைச்சத்துக்கு ஒரு டன் உரம் வேண்டும். மானியம் போக யூரியா மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறபோது எந்த விவசாயி ஒரு டன் உரத்தைக் காசு கொடுத்துச் சுமப்பார்? மண் பொலபொலப்பாகும், ஈரம் பிடிக்கும், நுண்ணுயிர் பெருகும் என்பதெல்லாம் உண்மை. அந்தப் பலன் மெதுவாகத்தான் வரும். தவணை அப்படி வராது, மாதா மாதம் வரும். இயற்கை உரத்தை ராத்திரியோடு ராத்திரியாக நாடு முழுக்கத் திணித்தால் என்ன ஆகும் என்பதை 2021-ல் இலங்கை காட்டியது. ஏப்ரல், மே மாதங்களில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் பின்வாங்கல். நடுவில் அடிபட்டவர் சிங்களவரோ தமிழரோ, விவசாயிதான்.

"அப்புறம் எதுக்குய்யா தொட்டி வைக்கச் சொல்றே?" என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

வெள்ளாயணி கல்லூரி கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1955-லிருந்து இருக்கிறது. பல்கலைக்கழகம் சொல்லித்தருகிற முறையில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. நிழலில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு குழி. அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்க வேண்டும், அதிகப்படித் தண்ணீர் வடிய. மேலே எட்டுப் பங்கு கழிவுக்கு ஒரு பங்கு சாணம். தினம் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம், பத்து நாள் மக்கவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் புழு. அவசரப்பட்டுப் புதுக் கழிவில் விட்டால் அந்தச் சூட்டிலேயே செத்துப்போகும். கீரைத்தண்டு, வாழைத்தோல், ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கை எல்லாம் அதற்கு விருந்து. புளிச்சக்கை, ஊறுகாய், எண்ணெய், மீன், மீந்துபோன சாம்பார் ஆகாது.

இந்த முறை முதலில் ஒரு கழிவுக் கணக்கு. உரம் அதில் கிடைக்கும் உபரி. நாம்தான் அதை வருமானப் பத்தியில் எழுதி, லாபம் வரவில்லை என்று கைவிடுகிறோம். எழுத வேண்டியது செலவுப் பத்தியில். இதைச் செய்யாவிட்டால் ஆகும் செலவு எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள்? இந்த ஊரில் அதற்குப் பதில் உண்டு. விளப்பில்சாலை.

திருவனந்தபுரத்தின் குப்பை முழுக்க 2000-லிருந்து அந்தக் கிராமத்துக்குத்தான் போனது. அங்கேயும் உரம் தயாரிப்பதுதான் திட்டம். போய்ச் சேர்ந்ததோ எல்லாம் கலந்த குப்பை. பையில் இறுக்கிக் கட்டிய ஈரக் கழிவு காற்றில்லாமல் அழுகும், கறுப்பாக ஒரு நீர் வடியும். அது ஓடையில் கலந்தது. பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2011 டிசம்பரில் பஞ்சாயத்து பூட்டுப் போட்டது. 2012 பிப்ரவரியில் கோர்ட் உத்தரவோடும் போலீசோடும் போனபோது ஊரே சாலையில் உட்கார்ந்து தடுத்தது.

என் முதல் போஸ்டிங் அப்போது இங்கேதான். தெருமுனையில் மலை மாதிரிப் பைகள். நான் என்ன செய்தேன்? மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஊர்க்காரங்களுக்குச் சுத்தம் பத்தாது" என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டு, இருட்டியதும் எங்கள் பையையும் அதே மூலையில் வைத்துவிட்டு வந்தேன். வாடகை வீடுதானே, மாற்றல்தானே!

இதுதான் அந்த இரண்டாவது கேள்வி. நம்ம ஊரா என்ன?

நாம் தின்பது இந்த ஊரில். சாலை மார்க்கெட்டில் இறங்கும் காய்கறி லாரிகளில் எத்தனை நம் பக்கத்திலிருந்து வருகின்றன என்று நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே தெரியும். காயோடு நம் மண்ணின் சத்தும் இங்கே வருகிறது, தோலாகவும் காம்பாகவும் குப்பைக்குப் போகிறது. அங்கே பற்று எழுதியாகிவிட்டது, இங்கே வரவு எழுத ஆளில்லை. மும்பையில் இருக்கிறவருக்கு தேவ்நார், டெல்லிக்காரருக்கு காஜிப்பூர், சென்னையில் குடியேறியவருக்கு கொடுங்கையூர். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் எரிந்து பத்து நாளுக்கு மேல் ஊரே புகையில் மூச்சுத் திணறியது. அந்தப் புகை வீட்டுக்குள் நுழையும் முன் குடும்ப அட்டையைக் கேட்கவில்லை.

விளப்பில்சாலை மூடிய பிறகு இந்த நகரம் வீட்டுக்கு வீடு கம்போஸ்ட், தெருவுக்குத் தெரு காற்றோட்டத் தொட்டி என்று மாறத் தொடங்கியது. குறை நிறைய உண்டு. ஆனால் வழி அதுதான். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப்போகிறார்கள். சமையலறைக் கழிவை முடிக்க வேண்டியது நாம்.

அப்புறம் ஒரு விஷயம். பயிற்சியில் காட்டிய புழுவின் பெயர் யூட்ரிலஸ். சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவாம். அதுவும் நம்மைப் போல மாற்றலில் வந்ததுதான். வந்த இடத்து மண்ணில்தான் வேலை செய்கிறது :-)

கூட்டத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் எங்கள் பால்கனியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். முதல் தடவை ஈரம் அதிகமாகி நாறியது. "என்னங்க, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி. காய்ந்த இலையைப் போட்டுக் கிளறியதும் நாற்றம் போய்விட்டது. இப்போது காப்பிச் சக்கையை அவளே கொண்டுபோய்ப் போடுகிறாள். எங்கள் வீட்டிலிருந்து அழுகும் பை ஒன்றுகூட வெளியே போய் ஏழு மாதம் ஆகிறது. வந்த உரம் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் காவலாளி அண்ணனின் வாழைக்கும் போனது. வருமானம் பூஜ்யம்.

அடுத்த மாதக் கூட்டத்திலும் கேட்கத்தான் போகிறேன். அதுவரை, இந்த ஊரில் இருக்கிற யாருக்காவது தொடங்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஒரு கைப்பிடி புழுவும் ஒரு டம்ளர் காப்பியும் தருகிறேன். இரண்டும் இலவசம். கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள்.