புளி போட்டு மினுக்கிய காசு

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய காசு சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 8 மாணவன் ஒருவன் இடைவேளையில் ஓடி வந்தான். கைக்குள் 1870ஆம் ஆண்டு ஐந்து சதம். விக்டோரியா ராணியின் தலை போட்ட பெரிய செப்புக் காசு. உம்மம்மாவின் பெட்டிக்குள் கிடந்ததாம். "சேர், ராவு முழுக்கப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சன், இப்ப பாருங்க எப்படி மின்னுது!" என்றான். மின்னியது உண்மைதான். ராணியின் தலைமுடிக் கோடுகளைத்தான் காணவில்லை.

அவனைத் திட்ட மனம் வரவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் வாப்பா தந்த வெள்ளி ஐம்பது சதத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்தவன் நான். விசயம் தெரிந்த ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பி வைத்தார். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

செப்புக் காசின் மேலுள்ள கபில நிறம் அழுக்கல்ல. காற்றுப் பட்டுப் பட்டு உலோகத்தில் பல வருடமாகப் படிந்த தோல் அது. புளியிலுள்ள அமிலம் அந்தத் தோலைக் கரைக்கிறது, சாம்பல் எழுத்தையும் உருவத்தையும் அராவுகிறது. சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே அந்த நிறத்தைத்தான். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். அதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது.

அடுத்தது இந்த "இலட்சக் கணக்கு". வட்சப் குழுக்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு படம் வருகிறது. "இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பத்து இலட்சம்!" நம்மூர் ராத்தா ஒருவர் அதை நம்பி, காசை வாங்குவதாகச் சொன்னவனுக்குப் "பதிவுக் கட்டணம்" என்று 18,500 ரூபா அனுப்பிவிட்டார். பிறகு "வரி" என்று இன்னும் கேட்டானாம். வாங்குகிறவன் விற்கிறவரிடம் பணம் கேட்பானா? இதை வீட்டுப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

பழையதெல்லாம் விலை கூடியதல்ல. விஓசி எழுத்துப் போட்ட ஒல்லாந்தர் காலச் செப்புத் துட்டுகள் இருநூறு வருடத்துக்கு மேல் பழையவை. ஆனாலும் நம் நாட்டில் அவை ஏராளம். எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. ஆண்டு மட்டும் எதையும் சொல்லாது.

ஆகவே விலையைக் கேட்கும் முன் கையிலிருப்பது என்ன என்று பார்க்கப் பழகுங்கள். இதில்தான் சந்தோசமே இருக்கிறது. காசை விளிம்பில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் பாருங்கள். சதுர ஐந்து சதம் வந்தது 1909இல். 1892 முதல் விக்டோரியா ராணியின் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளி. வெள்ளி என்று யாராவது தருவது காந்தத்தில் ஒட்டினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1963இல் அரச தலைகள் போய் இலங்கைச் சின்னம் வந்தது. 1972இல் "சிலோன்" போய் "ஸ்ரீ லங்கா" வந்தது. ஒரு கைப்பிடிச் சில்லறைக்குள் அரசியல் வரலாறே கிடக்கிறது. வகுப்பில் நான் அரை மணித்தியாலம் சொல்வதை இரண்டு காசுகள் சொல்லிவிடும்.

தொடங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது 2013ஆம் ஆண்டு போட்ட பத்து ரூபாக் குற்றிகள். 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்று. கடைச் சில்லறையில் தேடலாம், செலவு பத்து ரூபாதான், நாட்டின் வரைபடமும் மனதில் பதியும். மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் போட வேண்டாம், நம் கடற்கரை வெக்கைக்கு அது பிசுபிசுத்துக் காசில் பச்சை பிடிக்கும். ஒவ்வொரு காசுடனும் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: யார் தந்தது, எங்கே கிடைத்தது, எப்போது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வளவு கிண்டும்போது ஒரு பக்கம் நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் போட்ட யாழ்ப்பாண அரசர் காசோ, அரபு எழுத்துக் குத்திய கொக்கி போன்ற வெள்ளி லாரினோ கிடைத்தால் கள்ளமாக விற்க ஓட வேண்டாம். பாரசீகத்து லார் நகரத்தின் பேரைச் சுமந்து வந்த லாரின் கண்டி இராச்சியத்திலும் புழங்கியது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. மண்ணில் கிடைத்தால் அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டில் நம் மூதாதையர் என்ன வியாபாரம் செய்தார்கள், யாரோடு செய்தார்கள் என்பதற்கு அந்தக் காசும் அது கிடைத்த இடமும் சாட்சி. இடம் தெரியாமல் கடைக்குப் போன காசு பாதிச் சாட்சிதான் சொல்லும்.

கொழும்புக்குப் போகிறவர்கள் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் கிடைத்தால் பெரியவர்கள் புரட்டலாம்.

அந்த மாணவனின் ஐந்து சதம் இப்போது ஒரு கடதாசி உறைக்குள் இருக்கிறது. அவன் கையெழுத்திலேயே துண்டு: "உம்மம்மாட பெட்டி. நான் தேய்ச்சிட்டன்."

இன்னொரு விசயம். இரண்டாம் எலிசபெத் ராணியின் தலையோடு நம் நாட்டில் வந்தது இரண்டு சதம் மட்டும்தான், 1955இலும் 1957இலும். யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸ் பண்ணுங்கள். விலைக்கல்ல, வகுப்பில் ஒரு நாள் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன். தயவுசெய்து கழுவாமல் தாருங்கள்.