புள்ளிக்குப் பணியா, பிள்ளைக்குப் பணியா?



“அரசாங்கச் சம்பளம், வேலை செய்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும்.” எங்கள் பந்திங் வட்டாரத்தில் ஆசிரியர்களைப் பற்றிப் பேச்செழுந்தால் இவ்வாசகம் தவறாமல் வரும். இதனை முற்றாக மறுப்பதற்கில்லை. சோம்பியிருப்போர் நம்மிடையே உளர். ஆனால், அவர்களை உழைக்க வைக்க அரசு கையாளும் மருந்தே நோயை வளர்க்கிறது என்பேன்.

சற்றே திரும்பிப் பாருங்கள். 1992இல் நடப்புக்கு வந்த எஸ்.எஸ்.பி. எனும் புதிய ஊதியத் திட்டம், ஆண்டுச் சம்பள உயர்வை மேலதிகாரி இடும் புள்ளிகளோடு பிணைத்தது. அதன் இடத்தில் 2002 நவம்பரில் எஸ்.எஸ்.எம். வந்தது, உடன் பி.டி.கே. எனும் திறன் மதிப்பீடும் வந்தது. பகலில் பாடம் போதித்த ஆசிரியர், இரவில் தம் பதவி உயர்வுக்காகச் சுற்றறிக்கைகளை மனனம் செய்தார். வகுப்பில் அவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதை அத்தேர்வா அளந்தது? நெடுநாள் அதிருப்திக்குப் பின் 2011இல் அது கைவிடப்பட்டது.

தேர்வு போயிற்று, மனப்போக்கு போகவில்லை. கண்ணுக்குப் புலப்படுவதே இன்றும் புள்ளி பெறுகிறது. போட்டியில் வென்ற கேடயம் புலப்படும். நிகழ்ச்சியின் நிழற்படம் புலப்படும். எழுத்துக்கூட்டத் தெரியாமல் முதலாம் ஆண்டில் நுழைந்த பிள்ளை, ஆண்டிறுதியில் ஒரு பத்தியைத் தானே வாசித்தது எந்தக் கேடயத்தில் பொறிக்கப்படும்? தடித்த கோப்புக்குப் பின்னால் சோம்பேறியும் ஒளிந்துகொள்ளலாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முன்னால் எவரும் ஒளிய முடியாது.

சம்பளம் குறைந்தால் மனக்குறை பிறக்கும். கூடினால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, செய்யும் தொழிலின் நிறைவு ஆகியவையே ஊக்கத்தின் ஊற்றுகள் என்று ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே எழுதினார். ஆகவே, 2024 டிசம்பரில் தொடங்கிய எஸ்.எஸ்.பி.ஏ. சம்பள உயர்வை வரவேற்போம். அதுவே அனைத்தையும் சரிசெய்யும் என்று நம்பிவிட வேண்டா.

தலைமையாசிரியர்களே, புள்ளி இடுமுன் வகுப்பில் வந்து அமருங்கள்; நிறையையும் குறையையும் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். பெற்றோர்களே, யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்தது. ‘எத்தனை ஏ?’ எனும் கேள்வியும் அதனோடு ஒழியட்டும். “ஆண்டுத் தொடக்கத்தில் இயலாத எதனை என் பிள்ளை இன்று செய்கிறான்?” என்று கேளுங்கள். உழைக்கும் ஆசிரியருக்கு அக்கேள்வியே விருது. உழைக்காதவருக்கு அதுவே தேர்வு.

சிந்திப்போம், செயல்படுவோம்.