பத்துப் பந்து... அப்புறம் இன்னொரு பத்து!

2021 ஜனவரி 11. சிட்னி மைதானத்தில் டெஸ்ட்டின் ஐந்தாவது நாள். 77 ரன் எடுத்திருந்த புஜாரா போல்டாகி வெளியேறுகிறார். இந்தியா 5 விக்கெட்டுக்கு 272. இலக்கோ 407. இனி ஜெயிக்க முடியாது, தோற்காமல் தப்பிக்கலாம். அதற்கும் ஏறத்தாழ 43 ஓவர் நின்றாக வேண்டும். எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன்.

களத்தில் இருந்த இருவருக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஹனுமா விஹாரிக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருந்தது. ஓடி ஒரு ரன் எடுக்கக்கூட முடியாத நிலை. அஸ்வினுக்கு முந்தைய இரவிலிருந்தே கடுமையான முதுகுவலி. காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டவே முடியவில்லை என்று அவர் மனைவி ட்விட்டரில் எழுதினார். அடுத்து இறங்க வேண்டிய ஜடேஜாவோ கட்டைவிரல் மூட்டு விலகிய நிலையில் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்கு 23 நாள் முன்புதான் இதே தொடரில், அடிலெய்டில், இந்திய அணி 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. ஆகவே கதை எப்படி முடியும் என்பதில் பலருக்கும் சந்தேகமே இல்லை.

ஆனால் கதை வேறு மாதிரி முடிந்தது. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. இருவருமே அவுட் ஆகவில்லை. ஆட்டம் டிரா.

அன்று அவர்கள் ஆடிய ஷாட்களை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. நினைவில் நிற்பது ஸ்டம்ப் மைக் வழியாக உலகம் முழுக்கக் கேட்ட தமிழ்தான். சென்னையில் நண்பனைக் கூப்பிடுவதுபோல 'மாமா' என்று விஹாரியைக் கூப்பிட்டு, பத்துப் பத்துப் பந்தாக ஆடுவோம், நாற்பது ஓவர்தானே என்று அஸ்வின் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளையாட்டு உளவியல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு விஷயம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

மலையும் படியும்

43 ஓவர் என்றால் 258 பந்து. வலியோடு நிற்கும் ஒருவன் அந்த எண்ணை நினைத்தாலே சோர்ந்துவிடுவான். 'இன்னும் இவ்வளவு இருக்கா' என்ற மலைப்பு வந்ததும் மூச்சு வேகமாகும், தோள் இறுகும், மட்டையைப் பிடித்திருக்கும் கீழ்க்கை கெட்டியாகும். கை இறுகினால், தளர்வாக வாங்கி காலடியில் விழச் செய்ய வேண்டிய பந்தை முன்னால் தள்ளத் தோன்றும். அது ஸ்லிப்புக்கோ, பக்கத்தில் நிற்கும் ஃபீல்டருக்கோ கேட்சாகிவிடும்.

பத்துப் பந்து என்றால் யாருக்கும் மலைப்பு வராது. அதை முடித்ததும் ஒரு சின்ன வெற்றி கிடைக்கிறது. அந்த வெற்றி அடுத்த பத்துக்குத் தெம்பு தருகிறது. திருப்பதி மலையை நடந்து ஏறுபவர்கள் உச்சியைப் பார்த்துக்கொண்டா ஏறுகிறார்கள்? அடுத்த வளைவு வரை போவோம், அங்கே கொஞ்சம் மூச்சு வாங்குவோம் என்றுதான் ஏறுகிறார்கள். அதே கணக்குதான் இதுவும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 'டிரா செய்ய வேண்டும்' என்பது முடிவு. அது ஆட்டக்காரரின் கையில் மட்டும் இல்லை. 'இந்தப் பந்தைப் பார்த்து ஆட வேண்டும்' என்பது செயல். அது முழுக்க அவர் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டால் கையில் இல்லாததைப் பற்றிய பயம் குறையும். தோனி கேப்டனாக இருந்த காலம் முழுக்க முடிவைவிட செயல்முறையே முக்கியம் என்று பேசிவந்ததும் இதைத்தான்.

ஆறு மணி நேரமா, ஒரு மணி நேரமா?

'நாள் முழுக்க எப்படித்தான் கவனம் சிதறாமல் ஆடுகிறார்களோ?' என்று டெஸ்ட் பார்ப்பவர்கள் வியப்பதுண்டு. உண்மையில் யாராலும் அப்படி இருக்க முடியாது.

ஒரு நாளில் 90 ஓவர், அதாவது 540 பந்து. பந்துவீச்சாளர் ஓடிவருவதிலிருந்து பந்து மட்டையில் பட்டு அடங்கும் வரை ஆறு விநாடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 54 நிமிடம். ஆறு மணி நேர ஆட்டத்தில் மனதைக் கூர்மையாக வைத்திருக்க வேண்டிய நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி ஐந்து மணி நேரத்தை ஒருவர் எப்படிக் கழிக்கிறார் என்பதில்தான் சூட்சுமம்.

ஆஸ்திரேலியாவின் கிரெக் சேப்பல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருந்தார். பந்துகளுக்கு இடையே மனதைத் தளர விட்டுவிடுவார். கூட்டத்தைக்கூட வேடிக்கை பார்ப்பார். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் இடத்துக்குப் போனதும் கவனம் அவர் பக்கம் திரும்பும். பந்து கையிலிருந்து கிளம்பும் நேரத்தில் மட்டும் முழு உக்கிரம். அந்தப் பந்து முடிந்ததும் மறுபடி தளர்வு. டார்ச் லைட்டைத் தேவைப்படும்போது மட்டும் எரியவிட்டால் பேட்டரி நீடிக்கும் அல்லவா, அதுபோல.

140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். அந்த அரை விநாடியில் 'முழங்கையைத் தூக்கு, காலை நகர்த்து' என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. உடம்பு தானாகச் செய்ய வேண்டும். பல மாத நெட் பயிற்சி அதற்குத்தான். அந்த நொடியில் மனம் செய்ய வேண்டிய ஒரே வேலை, குறுக்கே வராமல் இருப்பது.

சீனியர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரே சடங்கைச் செய்வதற்குக் காரணமும் இதுவே. ஒருவர் கையுறையைச் சரிசெய்வார், ஒருவர் நாலடி விலகி நடந்துவிட்டு வருவார், இன்னொருவர் மட்டையால் இரண்டு தட்டு தட்டுவார். முந்தைய பந்து முடிந்துவிட்டது, அடுத்தது வரப்போகிறது என்று மனதுக்கு அடிக்கும் மணி அது.

பேசியவரே விட்ட கேட்ச்

சிட்னிக்கே திரும்பலாம். விக்கெட் விழாத எரிச்சலில் ஆஸ்திரேலிய கேப்டனும் விக்கெட் கீப்பருமான டிம் பெய்ன், அஸ்வினைச் சீண்டத் தொடங்கினார். அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேனுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்ற தொனியில் வார்த்தைகள் நீண்டன. அஸ்வினும் விடாமல் பதில் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் விஹாரி மட்டையின் விளிம்பில் பட்ட பந்து பெய்னிடம் போனது. கேட்சை விட்டுவிட்டார். அந்த டெஸ்ட்டில் அவர் விட்ட மூன்றாவது கேட்ச் அது. மறுநாள் செய்தியாளர்களை அழைத்து, தன் நடத்தைக்காக மன்னிப்பும் கேட்டார்.

ஸ்லெட்ஜிங் என்பது எதிராளியின் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிவிடும் முயற்சி. ஆனால் திருப்பப் போகிறவரின் டார்ச்சும் கூடவே திரும்பிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

செய்யாமல் இருப்பதும் திறமை

மனப் பயிற்சி என்றால் ஏதோ உற்சாகமாக முழங்குவது என்று நினைப்பவர்கள், 2004 ஜனவரியில் இதே சிட்னியில் சச்சின் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கலாம். அந்தத் தொடரில் அதுவரை அவர் எடுத்திருந்தது 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தி அவுட் ஆகிறோம் என்று கண்டுகொண்ட அவர், தனக்கு மிகவும் பிடித்த கவர் டிரைவையே அன்று ஒதுக்கிவைத்தார். பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்று, 436 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 241.

அவருடைய கவர் டிரைவ் ஒன்றும் மறந்துபோகவில்லை. ஆசையாக இருக்கிறது, ஆனாலும் இன்று வேண்டாம் என்று ஒவ்வொரு பந்துக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சர்க்கரை நோய்க்காரர் கல்யாண வீட்டுப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்குவது போன்ற கஷ்டம் அது. அன்று அதை அவர் நாள் கணக்கில் செய்தார்.

உள்ளே நிறையச் சொன்னார்கள்...

சிட்னி டிராவின் சுவையான கிளைக்கதையைப் பிறகு அஸ்வினே தன் யூடியூப் சேனலில் சொன்னார். எந்தப் பந்துவீச்சாளரை யார் எதிர்கொள்வது என்று டிரெஸ்ஸிங் ரூமில் பெரிய விவாதம். அந்தத் தகவலைச் சொல்லிவரும்படி ஷர்துல் தாக்கூரை அனுப்பினார்கள். ஓடிவந்தவர், உள்ளே என்னென்னவோ சொல்கிறார்கள், நான் எதையும் சொல்லப்போவதில்லை, நன்றாக ஆடுகிறீர்கள், இப்படியே ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் கதையை எல்லா கிரிக்கெட் அகாடமி வாசலிலும் எழுதிப்போடலாம். ஏனென்றால் அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடப்பது நேர்மாறானது. பன்னிரண்டு வயதுப் பையன் மட்டையோடு நிற்பான். 'காலை முன்னாடி வை' என்று கோச் ஒரு பக்கம் கத்துவார். 'தூக்கி அடிக்காதே' என்று அப்பா வேலிக்கு வெளியிலிருந்து கத்துவார். 'பார்த்துடா கண்ணா' என்று அம்மா. மூன்று குரலையும் கேட்டுக்கொண்டு அரை விநாடியில் அவன் எதை முடிவு செய்வான்? மூன்றாவது பந்தில் போல்டாகி வருவான்.

பிறகு ஸ்கூட்டர் பயணம். பின்சீட்டில் கிட் பையை அணைத்தபடி பையன். முன்னால் அப்பா. 'மாசம் எவ்வளவு ஃபீஸ் கட்டுறேன் தெரியுமா?' என்று ஆரம்பித்தால் வீடு வரும் வரை முடியாது. அவருக்குப் பிள்ளைமேல் ஆசைதான், கோபமில்லை. ஆனால் பையன் காதில் விழுவது வேறு: ரன் எடுத்தால்தான் அப்பாவுக்குப் பிடிக்கும்.

அடுத்த மேட்ச்சில் அவன் பந்தைப் பார்க்க மாட்டான். ஸ்கூட்டரைத்தான் நினைப்பான். அவுட் ஆனால் என்ன ஆகும் என்ற பயத்தோடு ஆடுபவனின் கால் நகராது. கால் நகராதவன் சீக்கிரம் அவுட் ஆவான். இப்படியே சில மாதம் போனால், ஒருநாள் 'எனக்கு கிரிக்கெட்டே பிடிக்கலை' என்பான். பிடிக்காமல் போனது கிரிக்கெட்டா, திரும்பி வரும் வழியா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஃபார்ம் அல்ல, மனம்

எல்லாத் தடுமாற்றமும் பத்துப் பத்தாகப் பிரித்தால் சரியாகிவிடாது. 2014 இங்கிலாந்து பயணத்தில் விராட் கோலி பத்து டெஸ்ட் இன்னிங்ஸில் எடுத்தது மொத்தமே 134 ரன். அன்று அதை ஃபார்ம் சரிவு என்றார்கள், டெக்னிக் கோளாறு என்றார்கள். அந்தக் காலத்தில் தான் மன அழுத்த நோயில் இருந்ததை 2021-ல் ஒரு பேட்டியில் கோலி ஒப்புக்கொண்டார். துணைக்கு எத்தனையோ பேர் இருந்தும் உலகிலேயே தான் மட்டும் தனியாக இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார். 2018-ல் அதே இங்கிலாந்தில் அவர் எடுத்தது 593 ரன்.

இங்கிலாந்தின் மார்கஸ் டிரெஸ்கோதிக் 2006-ல் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டு வீடு திரும்பினார். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்வெல் 2019-ல் மனநலத்துக்காக ஓய்வு கேட்டார். கிழிந்த தசைக்கு ஓய்வு கொடுப்பதைப்போல இதுவும் ஓய்வு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விளையாடும் பிள்ளை வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல் இருந்தால், சாப்பாட்டில் நாட்டம் குறைந்தால், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினால், அது ஃபார்ம் பிரச்னை அல்ல. கோச்சைவிட மனநல மருத்துவரே உதவுவார். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐயும் அழைக்கலாம்.

வீட்டிலேயே தொடங்க...

ஒரு சடங்கு: ஒவ்வொரு பந்துக்கும் முன் செய்ய ஒரே ஒரு சின்னச் செயலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நெட் பயிற்சியிலும் அதைத் தவறாமல் செய்யட்டும். பயிற்சியில் இல்லாத பழக்கம் மேட்ச்சில் கைகொடுக்காது.

ஒரு மூச்சு: படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தாலே தோள் இறங்கும், பிடி தளரும்.

ஒரு வார்த்தை: 'அவுட் ஆகாதே' என்ற பேச்சில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை. 'பந்தைப் பார்' என்பதில் இருக்கிறது.

ஒரு நோட்டு: மேட்ச் முடிந்ததும் ரன் கணக்கோடு சேர்த்து மூன்று வரி. எது நன்றாக வந்தது, எங்கே கவனம் போனது, அடுத்த முறை என்ன செய்யலாம்.

ஐந்தாவது, பெற்றோருக்கு. மேட்ச் முடிந்து வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வேண்டாம். பிள்ளையாக ஆரம்பித்தால் காதுகொடுத்துக் கேட்டால் போதும். திருத்த வேண்டியதை கோச் மறுநாள் திருத்துவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் மறுபடி மூன்றாவது பந்தில் அவுட் ஆகலாம். தலையைத் தொங்கப்போட்டு வந்து வண்டியில் ஏறுவான். அப்போது அப்பா கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'பசிக்குதா, இட்லி சாப்பிட்டுட்டுப் போலாமா?'